புள்ளி உதிராமல் வண்டி கழுவ

வாட்டர் சர்வீஸில் கழுவி வெளியே வரும் குட்டியானை லோடு வண்டியின் பக்கவாட்டைப் பாருங்கள். ‘அரிசி மண்டி’ என்று ஒட்டியிருந்தது ‘அரிசி மணடி’ ஆகியிருக்கும். பிளாட்டரில் வெட்டி ஒட்டும் எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி ஒரு தனித் துண்டு. சுண்டுவிரல் நகம் அளவு வினைல், அதன் பின்னால் அதே அளவு பசை. பிரஷர் கன் முதலில் தூக்குவது அதைத்தான். வண்டிக்காரர் ஸ்டிக்கர் கடையில் போய்ச் சண்டை போடுவார். பெரும்பாலும் குறை அங்கே இல்லை, கழுவிய கையில் இருக்கிறது.

புதுச்சேரியில் வில்லியனூர், பாகூர் கொம்யூன் பக்கம் வாட்டர் சர்வீஸ் வேலைக்குப் போகிற தம்பிகளுக்கும், சொந்தமாக ஷெட் போட நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பால் வண்டி, பள்ளிக்கூட வேன், தண்ணீர் லாரி, கேட்டரிங் வண்டி, சேதராப்பட்டு தொழிற்பேட்டைக்குப் போய்வரும் கம்பெனி வண்டி என எதைப் பார்த்தாலும் ஸ்டிக்கர்தான். பெயின்டர் கையால் எழுதிய எழுத்து முரட்டுத்தனமாகத் தேய்த்தாலும் தாங்கியது. ஸ்டிக்கர் தாங்காது. அதனால்தான் ஸ்டிக்கரின் குணம் தெரிந்து கழுவுகிற ஆளுக்குத் தனி மதிப்பு இருக்கிறது.

வினைல் என்பது பி.வி.சி. தாள். இரண்டு வகை. கூழாக ஊற்றி உலர்த்திய ‘காஸ்ட்’ ஏறக்குறைய 50 மைக்ரான் கனம். நெளிவு சுளிவுகளில் படிந்து உட்காரும், சுருங்காது. ரோலரில் அழுத்தி இழுத்த ‘கேலண்டர்’ 70 முதல் 100 மைக்ரான், விலை குறைவு. இழுத்த தாளாயிற்றே, வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பழைய அளவுக்குச் சுருங்கும். அப்போது ஓரத்தில் மயிரிழை அகலத்துக்குப் பசை வெளியே தெரியும், ரோட்டுத் தூசு அதில் ஒட்டிக் கறுப்புக் கோடாகும். அந்தக் கோட்டை அழுக்கு என்று நினைத்துத் தின்னர் போட்டுத் தேய்ப்பவர்கள் நிறைய. தின்னர் ஓரத்துக்குள் இறங்கிப் பசையைக் கரைக்கும், மறுவாரம் ஸ்டிக்கர் காற்றில் ஆடும். கோடு தெரிந்தால் வண்டிக்காரரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள், தேய்க்காதீர்கள்.

புதிதாக ஒட்டிய வண்டியை இரண்டு மூன்று நாள் கழுவவே வேண்டாம். பசை முழுப் பிடிப்புக்கு வர அவ்வளவு நேரம் எடுக்கும்.

கழுவுவதைக் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் நின்ற வண்டியின் தகட்டில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் ஷாம்பு நிமிடத்தில் காய்ந்து திட்டாகிவிடும். முதலில் வெறும் தண்ணீரை மேலிருந்து கீழாக விட்டு மண்ணை ஊற வையுங்கள். காய்ந்த மண்ணைத் துணியால் துடைப்பது உப்புத்தாள் போடுவதற்குச் சமம். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், இன்னொன்றில் துணி அலச. மென்மையான துணியால் ஸ்டிக்கரின் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் துடையுங்கள். ஓரத்திலிருந்து உள்ளே துடைத்தால் நீங்களே உரிக்கத் தொடங்கியதாகிவிடும். தேங்காய் நார், பாத்திரம் துலக்கும் தூள், துணி சோடா இவை வண்டிப் பக்கமே வரக் கூடாது.

பிரஷர் கன் பிடிக்கும் விதத்தில்தான் தொழில் தெரியும். ஃபிலிம் கம்பெனிகள் பொதுவாக 1200 முதல் 2000 பி.எஸ்.ஐ. வரைதான் அனுமதிக்கின்றன. வண்டியில் இருப்பது என்ன ரகம் என்று உங்களுக்குத் தெரியாது என்பதால் 1200-க்குள் நிறுத்துங்கள். ஊசி போல் பீய்ச்சும் நாசில் வேண்டாம், 40 டிகிரி விசிறி நாசில் போடுங்கள். ஒரு அடிக்குக் குறையாத தூரம். தண்ணீர் தகட்டில் நேராக விழ வேண்டும். சாய்த்துப் பிடித்தால் ஓரத்துக்கு அடியில் புகுந்து நெம்பும். புள்ளி, கொம்பு, சுழி இருக்கும் இடத்தில் கன்னைக் கீழே வைத்துவிட்டுக் கையால் துடைப்பதே நல்லது.

பாகூர் பக்கம் கடலை ஒட்டிய ஊர்களில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதிலேயே கழுவிக் காயவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் படியும். கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் ஒரு டிரம் வைத்துக்கொண்டு, உடனே துடைத்துவிடுங்கள்.

நம் ஊர் வாட்டர் சர்வீஸில் ஒரு பழக்கம் உண்டு. கழுவி முடித்ததும் அடிப்பாகம் பளபளக்க டீசலோ ஆயிலோ அடிப்பது. காற்றில் பறக்கிற அந்தத் தூறல் பாடியின் கீழ் ஓரத்து ஸ்டிக்கரில் படிந்து பசையை ஊற வைக்கிறது. டீசல் டேங்க் மூடியைச் சுற்றி ஸ்டிக்கர் முதலில் சுருண்டுபோவதும் இதே காரணத்தால்தான். வண்டிக்காரரே கேட்டாலும் ஸ்டிக்கர் இருக்கிற பக்கம் அடிக்காதீர்கள், காரணத்தைச் சொல்லுங்கள். தார், பசைத் திட்டு போகாவிட்டால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து துணியில் தொட்டுத் துடைத்து, உடனே தண்ணீர் விடுங்கள். லேமினேஷன் இல்லாத பிரின்ட் என்றால் மை கையோடு வந்துவிடலாம். மறைவான மூலையில் முதலில் தொட்டுப் பாருங்கள்.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் தனி வேலை இருக்கிறது. வெள்ளை வினைலில் வைத்த மஞ்சளும் குங்குமமும் ஊறிக் கறையாகும். பூஜையன்று சாயங்காலமே ஈரத் துணியால் எடுத்துவிடச் சொல்லுங்கள். மாலையைச் செலோடேப் போட்டு ஸ்டிக்கர் மேல் ஒட்டுவதுதான் பெரிய கெடுதல். டேப்பை உரிக்கும்போது லேமினேஷனும் கூட வரும். கயிற்றில் கட்டச் சொல்லுங்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த நாட்களில் தென்பெண்ணையும் சங்கராபரணியும் பெருகி நம் கிராமங்களுக்குள் வெள்ளம் வந்தது. அப்படி வண்டல் படிந்த வண்டி வந்தால் அவசரப்படாதீர்கள். ஓரங்களில் சேறு உள்ளே போயிருக்கும். நீண்ட நேரம் ஊற வைத்து, மெதுவாக வழித்து, நன்றாக உலர்ந்தபின் ஓரத்தைப் பாருங்கள். தூக்கியிருந்த இடம் சுத்தமாக இருந்தால் ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டி அழுத்தினால் உட்காரும். பசையில் மண் ஏறியிருந்தால் உட்காராது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதிது ஒட்டுவதே சரி.

ரிஃப்ளெக்டர் டேப்பையும் மறக்க வேண்டாம். முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்கப் போகும்போது மட்டும் நினைவுக்கு வருகிற பொருளாகிவிட்டது அது. புது வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் எஃப்.சி.; இடையில் அதைத் துடைப்பவர் நீங்கள் மட்டுமே. அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றிக்கொண்டு இரவில் ரோட்டோரம் நிற்கும் வண்டியில் அந்த டேப் புழுதி மூடிக் கிடந்தால், பின்னால் வருகிற பைக்காரருக்கு உயிர்ப் பிரச்சினை. காசு கேட்காமல் துடைத்துக் கொடுங்கள்.

வரும்படி விஷயம். வண்டி வந்தவுடன் நான்கு பக்கமும் செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே கிழிந்ததை உங்கள் தலையில் கட்ட முடியாது. ஸ்டிக்கர் வண்டிக்குச் சாதாரணக் கழுவலைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். கூலியைத் தனியாகச் சொல்லி வாங்குங்கள். பள்ளிக்கூட வேன், கம்பெனி வண்டிகளை மாத ஒப்பந்தத்தில் பிடித்தால் மழைக் காலத்திலும் வேலை நிற்காது. சொந்த ஷெட்டுக்கு முத்ரா கடனில் ‘சிசு’ பிரிவு 50,000 ரூபாய் வரை இருக்கிறது. வங்கிக் கிளையில் கேளுங்கள்.

நாளைக் காலை முதல் வண்டி உள்ளே வந்ததும், தண்ணீரைத் திறப்பதற்கு முன் எழுத்துகளின் மேல் இருக்கும் புள்ளிகளை எண்ணுங்கள். வெளியே அனுப்பும்போது இன்னொரு முறை எண்ணுங்கள்.