பாட்டை ஓட்டிவிடாதீர்கள்!
(அனிமேஷன் இசைப் படத்தை எப்படிப் பார்ப்பது?)



போன கோடை விடுமுறையில் நான் ஒரு தப்பு செய்தேன். அந்தத் தப்பிலிருந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாமாவின் லேப்டாப்பில் 'த லிட்டில் மெர்மெய்ட்' படத்தை என் தங்கைக்குப் போட்டுக் காட்டினேன். 1989-இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட படம். தங்கை படிப்பது மூன்றாம் வகுப்பு. படம் ஆங்கிலத்தில் இருந்ததால் நான் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டே வந்தேன். பாட்டு வந்தால் மட்டும் ஓட்டிவிட்டேன். டிவியில் படம் பார்க்கும்போது பாட்டு வந்தால் தண்ணீர் குடிக்க எழுந்து போவோமே, அந்தப் பழக்கம்தான்.

கதை இதுதான். ஏரியல் ஒரு கடற்கன்னி. அவளுக்கு மனிதர்களோடு தரையில் வாழ ஆசை. கடல் சூனியக்காரி, "உனக்குக் கால் தருகிறேன். பதிலுக்கு உன் குரலைக் கொடு" என்கிறாள். ஏரியல் கொடுத்துவிடுகிறாள்.

இந்த இடத்தில் தங்கை அழுவாள் என்று நினைத்தேன். அவளோ, "குரல் போனா என்னக்கா? கால் கிடைச்சிருச்சுல்ல!" என்று சொல்லிவிட்டு முறுக்கைக் கடித்தாள்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ராத்திரி யோசித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. அந்தக் குரலை அவள் கேட்கவே இல்லையே! ஏரியல் தனியாக உட்கார்ந்து பாடுகிற பாட்டை நான்தான் ஓட்டிவிட்டேன். கேட்காத குரல் போனால் யாருக்கு வருத்தம் வரும்?

மறுநாள் முதலிலிருந்து போட்டேன். எந்தப் பாட்டையும் ஓட்டவில்லை. அர்த்தமும் சொல்லவில்லை. சூனியக்காரி குரலைக் கேட்கிற காட்சி வந்ததும் தங்கை லேப்டாப்பைப் பார்த்து, "ஐயோ, குடுக்காத! குடுக்காத!" என்று கத்தினாள்.

1. வெட்டிப் பார்க்கும் சோதனை

இதிலிருந்து நான் கண்டுபிடித்த சோதனை இது. ஒரு படத்தில் வரும் பாட்டை மனசுக்குள் வெட்டி எடுத்துவிடுங்கள். அதன் பிறகும் கதை அப்படியே நிற்கிறதா? அப்படியென்றால் அந்தப் பாட்டு வெறும் அலங்காரம். கதை நொண்டுகிறதா? அப்படியென்றால் அந்தப் பாட்டு கதையின் தூண்.

'லிட்டில் மெர்மெய்ட்' கதையே குரலின் மேல்தான் நிற்கிறது. கப்பல் உடைந்து கரையில் கிடக்கும் இளவரசன் ஏரியலின் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. அவள் பாடிய குரல்தான் அவன் நினைவில் இருக்கிறது. பிறகு சூனியக்காரி அதே குரலை வைத்து அவனை மயக்குகிறாள். குரல் அடைபட்ட சிப்பி உடைந்ததும் உண்மை வெளிவருகிறது. பாட்டை எடுத்துவிட்டால் இதில் எது மிஞ்சும்?

இன்னொன்றும் கவனித்தேன். ஏரியல் தரைக்குப் போக ஆசைப்பட்டுப் பாடும்போது இளவரசனை அவள் பார்த்ததே கிடையாது. அதாவது, அவள் ஆசை முதலில் ஒரு பையன் மேல் வந்ததல்ல. தெரியாத உலகத்தைத் தெரிந்துகொள்ளும் ஆசை. பாட்டை ஓட்டியவர்களுக்கு இது தெரியவே தெரியாது. "பையனுக்காக வீட்டை விட்டுப் போறா" என்று மட்டும்தான் நினைப்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

2. தப்பிப் பிழைத்த பாட்டு

ஆச்சரியம் என்னவென்றால், அந்தப் பாட்டை வெட்டிவிடப் பார்த்தவர் டிஸ்னியிலேயே இருந்தார்! படம் முழுதாக முடிவதற்கு முன்பு சோதனைக்காகக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். இந்தப் பாட்டு வந்தபோது குழந்தைகள் பொறுமை இல்லாமல் நெளிந்தார்கள். அப்போது ஸ்டுடியோ தலைவராக இருந்த ஜெஃப்ரி கேட்சன்பெர்க், "இதை எடுத்துவிடலாம்" என்றார்.

பாடலை எழுதிய ஹோவர்ட் ஆஷ்மன் விடவில்லை. இயக்குநர்கள் ரான் கிளமென்ட்ஸ், ஜான் மஸ்கர், ஏரியலை வரைந்த கிளென் கீன் எல்லோரும் பாட்டுக்காக வாதாடினார்கள். ஓவியங்கள் இன்னும் கொஞ்சம் முடிந்த பிறகு திரும்பப் போட்டுக் காட்டினார்கள். அப்போது குழந்தைகள் கவனித்துப் பார்த்தார்கள். பாட்டு பிழைத்தது.

ஆஷ்மன் நாடக மேடையிலிருந்து வந்தவர். இசை நாடகத்தில் ஆரம்பத்திலேயே நாயகன் அல்லது நாயகி தன் ஆசையைப் பாட்டாகச் சொல்லிவிட வேண்டும் என்பது வழக்கம். நான் இதற்கு 'ஆசைப் பாட்டு' என்று பெயர் வைத்திருக்கிறேன். ஆசை தெரிந்தால்தான் அது நிறைவேறுமா என்று நாம் கவலைப்படுவோம்.

3. ஒரு பாட்டில் ஒரு ஊர்

ஆஷ்மனும் இசையமைப்பாளர் ஆலன் மென்கனும் சேர்ந்து செய்த அடுத்த படம் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' (1991). இதன் முதல் பாட்டு சுமார் 5 நிமிடம். அதற்குள் நாயகி பெல் வாழும் சின்ன ஊர், அவளுக்குப் புத்தகத்தின் மேல் உள்ள பைத்தியம், "இந்தப் பொண்ணு ஒரு மாதிரி" என்று ஊரார் பேசுவது, அவளைக் கட்டியே தீருவேன் என்று நிற்கும் காஸ்டன் எல்லாம் வந்துவிடுகிறது. இதையே வசனமாக எடுத்தால் கால் மணி நேரம் ஆகும். நமக்குக் கொட்டாவியும் வரும்.

இந்தப் படத்துக்குப் பாட்டு எழுதும்போது ஆஷ்மன் எய்ட்ஸ் நோயால் மிகவும் தளர்ந்திருந்தார். படம் வெளிவந்தது 1991 நவம்பரில். அவர் அதே ஆண்டு மார்ச்சிலேயே இறந்துவிட்டார். வயது 40. முழுப் படத்தையும் அவர் பார்க்கவில்லை. படத்தின் முடிவில் அவருக்குச் சமர்ப்பணம் போட்டிருக்கிறார்கள். பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் எழுந்து போய்விடாமல் அதையும் பாருங்கள்.

4. முதலில் பாட்டு, பிறகு படம்

அனிமேஷனில் பாட்டையும் வசனத்தையும் முதலில் பதிவு செய்துகொள்வார்கள். அதைக் கேட்டுத்தான் ஓவியர்கள் வாய் அசைவையும் கை அசைவையும் வரைவார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். திரையில் ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும். ஒரு நிமிடத்துக்கு 120 தாளம் உள்ள பாட்டு என்றால், ஒரு தாளத்துக்கு அரை நொடி, அதாவது 12 ஃப்ரேம். ஆகவே 12 ஃப்ரேமுக்கு ஒரு முறை கால் தரையில் பட்டால் நடையும் தாளமும் ஒட்டிக்கொள்ளும்.

ஒரே ஓவியத்தை இரண்டு ஃப்ரேமுக்கு வைப்பதும் உண்டு. அப்படிப் பார்த்தாலும் நொடிக்கு 12 ஓவியம். 3 நிமிடப் பாட்டு முழுக்க ஒரே ஒரு பாத்திரம் அசைந்தால், 3 × 60 × 12 = 2160 ஓவியங்கள்! நான் என் கணக்கு நோட்டின் ஓரத்தில் 30 பக்கத்துக்கு ஒரு மீனை வரைந்து புரட்டிப் பார்த்தேன். வாலை ஒரு தடவை ஆட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

5. பழைய கதையை மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் காரணம் இருக்க வேண்டும்.

கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட ஸ்னோ ஒயிட் கதையில் இளவரசனின் முத்தம் கிடையாது. தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வந்ததும் அவள் எழுந்துவிடுகிறாள். ஏழு குள்ளர்களுக்குப் பெயரும் இல்லை. 1937-இல் வந்த டிஸ்னி படம்தான் ஒவ்வொருவருக்கும் குணத்துக்கு ஏற்ற பெயர் வைத்தது. அதனால்தான் ஏழு பேரையும் நம்மால் தனித்தனியாக அடையாளம் சொல்ல முடிகிறது.

ஆண்டர்சன் 1837-இல் எழுதிய கடற்கன்னி கதை மிகவும் சோகமானது. சூனியக்காரி நாக்கையே வெட்டிவிடுகிறாள். ஒவ்வொரு அடியும் கத்திமேல் நடப்பதுபோல வலிக்கிறது. இளவரசன் வேறு பெண்ணை மணக்கிறான். படத்தில் இந்த வலி இல்லை, முடிவும் கல்யாணம்தான். ஆனால் குரலைக் கொடுக்கும் விலையை மட்டும் விட்டுவைத்தார்கள். அதையும் எடுத்திருந்தால் படம் வெறும் மிட்டாய் ஆகியிருக்கும்.

'ஃப்ரோஸன்' (2013) படத்தில் நடந்தது தலைகீழ். எல்சாவை முதலில் வில்லியாகத்தான் யோசித்திருந்தார்கள். 'லெட் இட் கோ' பாட்டைக் கேட்ட பிறகு, "இப்படிப் பாடுகிறவள் கெட்டவளாக இருக்க முடியாது" என்று தோன்றி, கதையையே மாற்றி எழுதினார்கள். முடிவில் தங்கை ஆனாவின் உறைந்த இதயத்தைக் காப்பாற்றுவது இளவரசனின் முத்தம் அல்ல. அக்காவுக்காக அவள் வாளின் குறுக்கே போய் நிற்கிறாளே, அந்த அன்புதான்.

6. குறையும் உண்டு

நல்ல படம் என்பதற்காக எல்லாவற்றையும் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஏரியலுக்கு வயது 16. மூன்று நாளில் காதல், உடனே கல்யாணம்! உலகத்தைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவள் கடைசியில் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஸ்னோ ஒயிட்டின் இளவரசனோ கொஞ்ச நேரம்தான் வருகிறான்; அவன் எப்படிப்பட்டவன் என்றே நமக்குத் தெரியாது. ஆசைப் பாட்டில் கேட்ட கேள்விக்கு முடிவில் பதில் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நீங்களும் செய்து பாருங்கள்

அடுத்து இப்படி ஒரு படம் பார்க்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்.

அ) இந்தப் பாட்டை வெட்டினால் கதையில் என்ன குறையும்?
ஆ) நாயகி எதற்கு ஆசைப்படுகிறாள்? அதற்கு என்ன விலை கொடுக்கிறாள்?
இ) பழைய கதையில் எதை மாற்றினார்கள்? ஏன்?

மூன்றுக்கும் பதில் கிடைத்தால் அது பார்க்க வேண்டிய படம். "கார்ட்டூன்தானே, சின்னப் பசங்க படம்" என்று யாராவது சொன்னால், அவர்களிடமும் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

பின்குறிப்பு: என் தங்கை இப்போது ரிமோட்டை என் கையில் கொடுப்பதில்லை. "நீ பாட்ட ஓட்டிருவ" என்கிறாள்.

உங்களுக்குத் தெரியுமா?
★ ஸ்னோ ஒயிட் படத்துக்காக 1939-இல் வால்ட் டிஸ்னிக்குச் சிறப்பு ஆஸ்கர் விருது கொடுத்தார்கள். ஒரு பெரிய சிலை, கூடவே ஏழு குட்டிச் சிலைகள்!
★ சிறந்த படத்துக்கான ஆஸ்கர் போட்டிக்குத் தேர்வான முதல் அனிமேஷன் படம் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்'.
★ 2019-இல் வந்த 'ஃப்ரோஸன் 2' தமிழிலும் வெளியானது. அதில் எல்சாவுக்குக் குரல் கொடுத்தவர் ஸ்ருதி ஹாசன்.

— ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி