குடியோட்டிப் பூண்டின் மஞ்சட்பால்

தரிசு நிலத்திலும் வாய்க்கால் கரையிலும் எவரும் விதைக்காமலே முளைத்து, முள்ளடர்ந்த இலையும் மஞ்சட் பூவுமாய் நிற்கும் பூண்டினைக் குடியோட்டி என்றும் பிரமதண்டு என்றும் நம்மவர் வழங்குவர். மெக்ஸிகோ நாட்டுப் பக்கத்திலிருந்து வந்து இங்கு நிலைத்துவிட்ட செடி இது. தண்டை ஒடித்தால் மஞ்சள் நிறப் பால் வடியும். அதனைப் புண்ணிற்கும் சொறிக்கும் தடவுதல் கிராமங்களில் பழைய வழக்கம்.

இவ்வழக்கத்திற்கு ஆதாரம் உண்டா? உண்டு, ஆனால் அளவோடுதான். இச்செடியில் பெர்பெரின் என்னும் மஞ்சட் பொருள் இருக்கிறது. மரமஞ்சளிலும் இருப்பது இதுவே. (பட்டு நெய்யும் அங்கத்தினர் கவனிக்க: படிகாரம் இன்றியே பட்டில் நேரே பற்றும் இயற்கைச் சாயங்கள் சிலவே, அவற்றுள் இது ஒன்று. வெயிலில் வெளுத்துவிடும் என்பதே குறை.)

ஆய்வுக்கூடத்தில், கிருமிகளைப் பரப்பிய கூழ்த்தட்டின்மேல், சாற்றில் தோய்த்த காகித வில்லையை வைப்பர். சாறு கிருமியை ஒடுக்குமானால், மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் ஒன்று காணப்படும். சீழ் உண்டாக்கும் ஸ்டாபிலோகாக்கஸ் கிருமியைப் பெர்பெரின் இவ்வாறு தடுக்கிறது. குடலில் வாழும் ஈ. கோலி போன்றவற்றினிடம் அதன் வலிமை குறைவு. அவற்றிற்கு வெளியுறை ஒன்று அதிகம், உட்புகுந்த பொருளை வெளியே தள்ளும் ஆற்றலும் உண்டு. எவ்வாறாயினும், தட்டிற் கண்ட வட்டம் உடம்பிற் கண்ட குணம் ஆகாது. நீரிழிவு உள்ளவர் காற்புண்ணிற்கு இப்பாலைத் தடவிக்கொண்டு நாட்களைக் கழிப்பது காலையே இழக்கும் வழியாகும்.

இனி விதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அபாயம் அங்கேதான் இருக்கிறது. கடுகை ஒத்த இவ்விதையின் எண்ணெயில் சாங்குவினரின் என்னும் நஞ்சு உள்ளது. இது கடுகெண்ணெயில் கலந்தால் கால் வீங்கும், மூச்சுத் திணறும், இருதயம் தளரும். 1877-இல் கல்கத்தாவில் இந்நோய் குறிக்கப்பட்டது. 1998-இல் டில்லியில் அறுபதுக்கு மேற்பட்டோர் இதனால் மாண்டனர். கொதிக்கவைத்த எண்ணெயும் இதற்கு விலக்கன்று.

கடுகு வழவழப்பானது, நசுக்கினால் உள்ளே மஞ்சள். குடியோட்டி விதை சொரசொரப்பானது, உள்ளே வெள்ளை. களத்திற்கு வரும் கடுகில் ஒரு பிடி எடுத்து இவ்வாறு பார்த்தல் கடினமன்று. அதனினும் எளிது, காய் வெடிக்குமுன் வரப்போரத்துச் செடிகளைக் கையுறை அணிந்து வேரோடு களைந்துவிடுதல்.