பட்டியலில் காணாத பெயர்

ஒரு பொருள் கண்ணுக்குப் புலனாகவில்லை என்பது கொண்டே அப்பொருள் இல்லை என்று முடிவு செய்தல் அறிவுடையோர் செயல் அன்று. பகற்பொழுதில் விண்மீன்கள் தோன்றுவதில்லை. ஆயினும் அவை வானத்தை விட்டு நீங்குவதும் இல்லை. கதிரவன் ஒளியே அவற்றை மறைத்து நிற்கின்றது. காணாமைக்கும் காரணம் உண்டு. அக்காரணத்தைப் படிப்படியாக நாடிச் செல்வதே ஆராய்ச்சி எனப்படும்.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர், குடவோலை முறையால் புகழ் பெற்ற ஊர். அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபத்தில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்கு உரியவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்புதோறும் தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டனர். 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, 35 வயது நிரம்பாதோர் பெயரும் 70 வயதைக் கடந்தோர் பெயரும் குடத்தில் இடம் பெறவில்லை. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதோர் பெயரும் விலக்கப்பட்டது. குடத்துள் பெயர் இல்லை என்பதனால் அவர்கள் ஊரிலேயே இல்லை என்று கூறலாமோ? கூறல் ஆகாது. பெயர் இன்மைக்குக் காரணம் வேறு.

இன்று அவ்வூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் பயிலும் மாணவரும் மற்றொரு பெயர்ப்பட்டியலை நாடுகின்றனர். மடிக்கணினித் திரையின் மூலையிலுள்ள சிறு குறியை அழுத்தினால், அருகிலுள்ள வைஃபை வலையங்களின் பெயர்கள் விரியும். தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகள் பலவற்றில், விண்டோஸுடன் பாஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளமும் அமைந்திருந்தது. பாஸ், சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவாகி 2007இல் வெளிவந்தது.

பொறியியற் கல்விக்கான கலந்தாய்வு 2018ஆம் ஆண்டு முதல் இணைய வழியே நடைபெறலாயிற்று. குறித்த நாளுக்குள் விருப்பக் கல்லூரிகளைப் பதிவு செய்தல் வேண்டும். அந்நாளில் வீட்டு வலையத்தின் பெயர் பட்டியலில் தோன்றாவிடின் மாணவன் உள்ளம் பதறும். பதற்றத்தால் சிலர் கணினியில் உள்ளன அனைத்தையும் அழித்து, இயங்குதளத்தை மீண்டும் நிறுவத் துணிவர். அதனால் பல நாள் எழுதிச் சேர்த்த குறிப்புகள் அழியும். குறையோ பெரும்பாலும் அவ்வாறே நிற்கும்.

குறையைக் களைய விரும்புவோன் முதற்கண் பட்டியல் தோன்றும் முறையை அறிதல் வேண்டும். வீட்டிலுள்ள ரௌட்டர், தன் பெயரை வானொலி அலைகளின் வாயிலாக நொடிக்கு ஏறத்தாழ 10 முறை பறைசாற்றிக்கொண்டே இருக்கும். கணினியினுள் இருக்கும் வைஃபை அட்டை அதனைக் கேட்கும். அட்டையை இயக்குவது டிரைவர் எனப்படும் நிரல். பல அட்டைகளுக்கு ஃபர்ம்வேர் என்னும் சிறு நிரல் ஒன்றும் உள்ளே ஏற்றப்படுதல் வேண்டும். இவை கேட்டறிந்த பெயர்களை நெட்வொர்க் மேனேஜர் என்னும் மேலாளர் நிரல் தொகுத்துத் திரையில் காட்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் பெயர் திரைக்கு வாராது.

ஆகவே, பெயர் காணாதபோது பட்டியலையே முதலில் கூர்ந்து நோக்குக. அது மூவகையாக இருத்தல் கூடும்.

அண்டை வீட்டு வலையங்கள் தோன்றி, நம் வலையம் மட்டும் தோன்றாமை முதல் வகை. இங்கு அட்டையும் நிரல்களும் நன்னிலையில் உள்ளன. குறை ரௌட்டரின் பக்கத்திலோ இரண்டிற்கும் உள்ள பொருத்தத்திலோ இருக்கும். ரௌட்டர் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் பேசினால், 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்த பழைய அட்டைக்கு அது கேளாது. கைப்பேசியில் அப்பெயர் தோன்றுவதால் மட்டும் கணினியிலும் தோன்ற வேண்டும் என்பதில்லை. மேலும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 13 தடங்கள் வரை இந்தியாவில் பயன்படுத்தலாம். அமெரிக்க விதிப்படி அமைக்கப்பட்ட கணினி 12, 13 ஆகிய தடங்களைக் கேளாதொழியலாம். ரௌட்டரை 1, 6, 11 ஆகிய தடங்களுள் ஒன்றிற்கு மாற்றினால் இக்குறை நீங்கும். பெயரை மறைத்து வைத்த வலையமாயின், மறைந்த வலையத்துடன் இணைக்கும் பகுதியைத் திறந்து பெயரை நாமே எழுதுதல் வேண்டும்.

வைஃபை பகுதி இருந்தும் ஒரு பெயரும் தோன்றாமை, அல்லது வைஃபை அணைக்கப்பட்டுள்ளது என்று காட்டுதல் இரண்டாம் வகை. இங்கு அட்டையின் வாய் அடைக்கப்பட்டிருத்தல் கூடும். ஆர்எஃப்கில் லிஸ்ட் என்னும் கட்டளை அந்த அடைப்பு எத்தகையது என்று கூறும். மென்தடை எனில் விமானப் பயன்முறையை நீக்கினால் போதும். வன்தடை எனில் கணினியின் பக்கத்திலுள்ள விசையையோ, விசைப்பலகையின் மேல்வரிசையில் அலைக்குறி பொறித்த விசையையோ நாடுதல் வேண்டும். வன்தடையை எந்த நிரலாலும் நீக்க இயலாது.

வைஃபை என்னும் பகுதியே இல்லாமற் போதல் மூன்றாம் வகை. கணினியில் விண்டோஸும் இருப்பின், அதில் நுழைந்து பார்க்க. அங்கு வைஃபை இயங்கினால் அட்டை பழுதுபடவில்லை என்பது தெளிவு. விண்டோஸ் முழுமையாக அணையாமல் அரைத்துயிலில் இருப்பினும் லினக்ஸுக்கு அட்டை வசப்படாது போவது உண்டு. முழுதும் அணைத்துப் பின் தொடங்குக. அதன் பின்னும் தோன்றாவிடின், டிஎம்எஸ்ஜி என்னும் கட்டளையால் லினக்ஸின் நிகழ்ச்சிப் பதிவேட்டைப் படிக்கலாம். ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை எனின், எந்தக் கோப்பு வேண்டும் என்பதையும் பதிவேடு பெரும்பாலும் கூறிவிடும். வலையமின்றி அக்கோப்பைப் பெறுவது எங்ஙனம் எனின், கைப்பேசியை யுஎஸ்பி வடத்தால் கணினியுடன் இணைத்து, அதன் இணையத்தைப் பகிர்க. கணினி அதனைக் கம்பி வழி இணைப்பாகவே கொள்ளும். கலந்தாய்வு நாள் நெருங்கியிருப்பின், பதிவையும் இவ்வழியே முடித்துவிட்டுப் பின்னர்ப் பழுதை ஆராயலாம்.

இவ்வாராய்ச்சியில் நெறிகள் இரண்டு உள. ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்க. பல மாற்றங்களை ஒருங்கே செய்தால் குறை எதனால் நீங்கியது என்பது விளங்காது. செய்த ஒவ்வொன்றையும் ஏட்டில் குறித்து வைக்க. பயன் தராத மாற்றத்தை மீட்டுப் பழைய நிலைக்குக் கொணர்தற்கு அக்குறிப்பே துணை. கணக்குக் காட்டாதவரை ஊர்ச்சபை விலக்கிய உத்திரமேரூரின் மாணவர்க்கு இந்நெறி புதிதன்று.

அக்காலத்தில் குடத்தைப் பலரும் காணத் தூக்கிக் காட்டினர். ஒன்றும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலையை எடுப்பித்தனர். அதனை வாங்குவோர் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் ஏற்றனர். ஒளிவு மறைவு இன்றி யாவும் நிகழ்தல் வேண்டும் என்பதே கருத்து. பின்லாந்து நாட்டு மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸும் அத்தகைய திறந்த தன்மை உடையது. அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம். அதன் பதிவேடு தன் குறையைத் தானே எடுத்துரைக்கும். படிக்கும் பொறுமையே நாம் கொணர வேண்டுவது.

பெயர் காணவில்லை என்றவுடன் அழிக்கத் துணிபவன் உள்ளதையும் இழப்பான். ஏன் காணவில்லை என்று வினவுபவன் இழந்ததைப் பெறுவான். அதனோடு அறிவையும் பெறுவான். இத்தகைய வினாவை எழுப்பி, விடை கிட்டும் வரை தளராது நாடுதல் மாணவர் யாவர்க்கும் கடன் ஆகும்.