ஆகர் போட்ட குழியை ஆறப்போடாதீர்கள்

கரிசலில் வீடு கட்டப்போகிறவர்கள் எந்த சிமென்ட் என்று கேட்பதற்கு முன், பைல் குழி போட்டால் எவ்வளவு நேரத்தில் கான்கிரீட் விழும் என்று காண்ட்ராக்டரிடம் கேளுங்கள். பசுவந்தனையில் நான் வீடு கட்டியபோது அதிகம் செலவு வைத்தது அந்த இடைவெளிதான்.

மண் பரிசோதனை, பிளான், அப்ரூவல் எல்லாம் வழக்கம்போல முடிந்தது. கோடையில் கை நுழையும் அளவு வெடித்து, ஐப்பசி மழையில் பொங்குகிற மண் நம்முடையது. இதற்கென்றே ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய அண்டர்ரீம் பைலை இன்ஜினியர் சொன்னார். மூன்றரை மீட்டர் ஆழம், அடியில் தண்டைவிட இரண்டரை மடங்கு அகலத்தில் குமிழ். "எதுக்கு அண்ணாச்சி வீண் செலவு, கல்லுக்கட்டே போதும்" என்ற சொந்தக்காரர் வீட்டில் வருஷா வருஷம் விரிசலுக்குப் பூச்சு நடக்கிறது.

காண்ட்ராக்டர் மண்ணைத் துளைக்கும் ஆகரால் குழிகளை நேர்த்தியாகத்தான் போட்டார். கம்பிக்கூடு வரவில்லையென்று மூலைக் குழிகளைத் திறந்தபடியே விட்டுப் போனார். ராத்திரி மழை. காலையில் தண்ணீரை இறைத்துவிட்டு, நான் போவதற்குள் இரண்டில் கான்கிரீட் கொட்டியாயிற்று. மிச்சமிருந்த குழிக்குள் கையை விட்டேன். முதல் நாள் நகத்தால் கீறினால் பொருக்காக உதிர்ந்த சுவர், விரலோடு கூழாக வழிந்து வந்தது.

பைல் அடிமண்ணில் மட்டும் நிற்பதில்லை. பக்கச் சுவரைப் பற்றிக்கொண்டும் நிற்கிறது. லண்டன் களிமண்ணில் துளையிட்டு வார்த்த பைல்களை ஆராய்ந்து மண் பொறியியல் அறிஞர் ஸ்கெம்ப்டன் 1959இல் எழுதினார்: மண்ணின் வலிமையில் சராசரியாக 0.45 பங்குதான் பக்கப் பிடிமானமாகக் கிடைக்கிறது. கான்கிரீட்டில் உள்ள நீரையே உறிஞ்சிச் சுவர் மண் இளகிவிடுகிறது. அப்படியிருக்க, ராத்திரி முழுக்க ஊறிய சுவரில் என்ன மிஞ்சும்? குழி சரியாமலிருக்க ஊற்றும் பென்டோனைட் கரைசலும் நெடுநேரம் நின்றால் சுவரில் ஏடாகப் படிந்து பிடிப்பைக் குறைக்கும்.

"கான்கிரீட் இறுகினா சரியாப் போயிரும்" என்றார் காண்ட்ராக்டர். கான்கிரீட் இறுகும், அதைச் சுற்றிய சேறு இறுகாது. இன்ஜினியர் அந்த இரண்டையும் தள்ளுபடி செய்து, இருபுறமும் புது பைல் போட்டு பீமால் இணைத்தார். அந்தச் செலவைக் கடைசித் தவணையில் கழித்துக்கொண்டேன். நியாயம்தான் என்று இன்றும் சொல்வேன்.

கம்பிக்கூடு கட்டிக் கையில் இருந்தால்தான் ஆகரை இறக்க விடுங்கள். பொங்கும் மேல்மண் பைலையே மேலே இழுக்கும் என்பதால் கம்பி அடிவரை போகட்டும். வைகாசி, ஆனியில் வேலையை முடியுங்கள். காலையில் போட்ட குழியில் அன்றைக்கே கான்கிரீட் விழ வேண்டும். பிளிந்த் பீமுக்கு அடியில் மண் பொங்க இடம் விடச் சொல்லுங்கள். மேஸ்திரி அந்த இடத்தை மண்ணைத் தள்ளி மூட வந்தால் பக்கத்திலேயே நின்று தடுங்கள்.