பெயர் போடும் நேரம்

உங்களுக்குச் சினிமா பிடிக்குமா? பழைய படம் என்றால் இன்னும் பிடிக்குமா? அப்படியானால் இந்தப் பாடம் உங்களுக்குத்தான்.

படம் தொடங்குகிறது. திரையில் வரிசையாகப் பெயர்கள் வருகின்றன. பாட்டு எழுதியவர், பாடியவர், படம் பிடித்தவர் என்று எல்லாப் பெயரும் வரும். அப்போது நாம் என்ன செய்கிறோம்? "பேர்தான் போடுறான், இன்னும் படம் ஆரம்பிக்கலை" என்கிறோம். இருட்டில் இடம் தேடுகிறோம். முறுக்கு வாங்கப் போகிறோம். படிக்கத் தெரியாதவருக்கு அது வெறுமனே காத்திருக்கும் நேரம்.

மும்பை தாராவியில் எங்கள் மாலை வகுப்பு நடக்கிறது. வருகிறவர்களில் பெரும்பாலோர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். வேலை முடித்து, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வருவார்கள். பாடம் தொடங்கும் முன் சினிமாப் பேச்சுதான். மாட்டுங்காவில் அரோரா தியேட்டரில் பல வருடங்கள் தமிழ்ப் படங்கள் ஓடின. அங்கே பார்த்த படங்களைப் பற்றி இன்றைக்கும் அலுக்காமல் பேசுவார்கள்.

அவர்களில் ஓர் ஆச்சி இருக்கிறார். எந்தப் படத்தைக் கேட்டாலும் கதை சொல்வார். அவருடைய பேரன் கைபேசியில் உறவினர்கள் குழு ஒன்று உண்டு. அதில் தினமும் சினிமாப் புதிர் போடுவார்கள். ஒரு பழைய படத்தின் காட்சி வரும். என்ன படம் என்று எழுத வேண்டும். ஆச்சிக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடும். ஆனால் எழுதத் தெரியாது. பேரனைத் தேடிப் பிடிப்பதற்குள் செம்பூரில் இருக்கும் உறவுக்காரப் பையன் எழுதிவிடுவான்.

"எனக்குத் தெரிஞ்ச பதிலுக்கு அவன் மார்க் வாங்குதான் டீச்சர்" என்றார் ஆச்சி. அவருக்கு அது பெரிய குறை.

அதனால் வகுப்பிலேயே புதிர் விளையாட்டு வைத்தோம். இரண்டு குழு. ஒரு குழு கேட்கும், மற்றக் குழு பதில் தரும். ஆனால் பதிலை வாயால் சொன்னால் மார்க் இல்லை. சிலேட்டில் எழுதிக் காட்ட வேண்டும்.

முதல் கேள்வி: 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் நாதஸ்வரம் வாசித்தவர் யார்?

"சிவாஜி!" என்று நாலு பேர் கத்தினார்கள். 1968-இல் வந்த அந்தப் படத்தில் சிவாஜி கணேசன் நாதஸ்வரக்காரராக நடித்தார். கன்னம் உப்பும், விரல் ஆடும். அசல் வித்வான் போலவே இருக்கும். ஆனால் நம் காதில் விழும் நாதஸ்வரத்தை வாசித்தவர்கள் மதுரையைச் சேர்ந்த சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். "இத்தனை தடவை பார்த்தும் இது தெரியலையே" என்றார் ஓர் அண்ணன். படத்தைப் பார்த்தவர்களுக்கு முகம் தெரியும். வாசித்தவர்களின் முகம் திரையில் இல்லை. அவர்களைப் பெயரால்தான் தெரிந்துகொள்ள முடியும்.

அடுத்த கேள்விக்குப் பெரிய சண்டையே வந்தது. 'நாயகன்' படத்தில் வரும் தாராவித் தெரு எங்கே இருக்கிறது? எங்கள் சந்துதான், உங்கள் சந்துதான் என்று இரண்டு பக்கமும் விடவில்லை. 1987-இல் மணிரத்னம் எடுத்த படம் அது. சில காட்சிகளைப் பம்பாயில் எடுத்தார்கள். ஆனால் அந்தக் குடிசைத் தெருக்களில் பெரும் பகுதி சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் போட்ட செட். செட் போட்டவர் தோட்டா தரணி. அதற்கு அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. தாராவிக்காரர்களே தங்கள் தெரு என்று நம்பினார்கள் என்றால் விருது கொடுத்தது சரிதான்!

மூன்றாவது கேள்வி: முதல் தமிழ்ப் பேசும் படம் எது? எந்த ஊரில் எடுத்தார்கள்?

படத்தின் பெயர் பலருக்குத் தெரிந்திருந்தது. ஊர்? எல்லோரும் சென்னை என்றார்கள். இல்லை, நம் பம்பாயில்தான் எடுத்தார்கள்!

இங்கே இம்பீரியல் என்று ஒரு சினிமாக் கம்பெனி இருந்தது. அர்தேஷிர் இரானி அதன் முதலாளி. இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா'வை எடுத்தவர் அவர்தான். அது 1931 மார்ச் 14-ஆம் தேதி பம்பாய் மெஜஸ்டிக் தியேட்டரில் வெளிவந்தது. அதே வருடம் அதே கம்பெனி 'காளிதாஸ்' படத்தை எடுத்தது. எச்.எம். ரெட்டி இயக்கினார். அக்டோபர் 31-ஆம் தேதி சென்னையில் வெளியானது.

கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார். கதாநாயகன் தெலுங்கில் பேசினார். சிலர் இந்தியில் பேசினார்கள். "நம்ம குழாயடி மாதிரி" என்று ஓர் அக்கா சொன்னதும் வகுப்பே சிரித்தது. இந்த ராஜலட்சுமி பிறகு படம் இயக்கவும் செய்தார். 1936-இல் வந்த 'மிஸ் கமலா' அவர் இயக்கிய படம்.

ஆச்சி சிலேட்டைத் தூக்கிக் காட்டினார். 'காலிதாஸ்' என்று எழுதியிருந்தார். எதிர்க் குழு ஒத்துக்கொள்ளவில்லை. "இது ல. வர வேண்டியது ள. காலி என்றால் ஒன்றும் இல்லாதது" என்றார்கள். அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை என்பதையும் அப்போதுதான் சொன்னேன். அன்றைய செய்தித்தாள்களில் அச்சான விளம்பரமும் செய்தியும்தான் அதைப் பற்றி நமக்குச் சொல்கின்றன.

ஆச்சி விடவில்லை. "அப்போ படம் காலிதானே? நான் எழுதுனதும் சரிதான்!"

அரை மார்க் கொடுத்தோம். மறுநாள் அவர் 'காளிதாஸ்' என்று பத்து முறை எழுதி வந்தார்.

அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். அதில் பாதிக் கதை இருக்கும். மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடிப்பார்கள். படிக்கத் தெரியாதவர்களும் வாங்குவார்கள். வீட்டில் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்பார்கள். ஆச்சியிடமும் டிரங்குப் பெட்டியில் நாலைந்து இருக்கின்றன. இப்போது ஒவ்வொன்றாக எடுத்து எழுத்துக்கூட்டிப் படிக்கிறார். பாட்டு ஏற்கெனவே மனப்பாடம். அதனால் எழுத்து தானாகப் பிடிபடுகிறது.

இனி நீங்கள் விளையாடுங்கள். வாயால் சொல்லாதீர்கள். எழுதுங்கள்.

1. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த படம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956-இல் எடுத்த வண்ணப் படம். பெயரில் ஓர் எண் இருக்கிறது.

2. 1952 தீபாவளிக்கு வந்த படம். சிவாஜி கணேசனுக்கு முதல் படம். வசனம் மு. கருணாநிதி. பெயரில் ஐந்து எழுத்து.

3. செம்பூரில் ஆர்.கே. ஸ்டுடியோ இருந்தது. 2019-இல் அந்த இடத்தை விற்றுவிட்டார்கள். ஆர்.கே. என்பது எந்த நடிகரின் பெயர்?

விடைகள்: அலிபாபாவும் 40 திருடர்களும், பராசக்தி, ராஜ் கபூர்.