வாளும் ஏடும்

போர்க்களத்தில் வென்ற மன்னனே கல்வியின் சிறப்பையும் பாடியது தமிழ் இலக்கியம் காட்டும் அரிய காட்சியாகும். புறநானூற்றின் 183ஆம் பாடலை இயற்றியவன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன். வாளேந்திய கைக்கு ஏடு புதிதன்று என்பதற்கு அவனே சான்று. நாடு காத்துத் திரும்பும் இன்றைய வீரர் மீண்டும் கற்க விரும்பினால், அவருக்குக் கல்லூரியின் கதவு திறக்குமா?

கடற்கரையில் ஒரு நினைவுச்சின்னம்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் உள்ள பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னம், முதல் உலகப்போரில் (1914–1918) உயிர்நீத்த பிரெஞ்சிந்திய வீரர்களை நினைவூட்டுகிறது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவரைச் 'சொல்தா' என்பது இந்நகர வழக்கு. படைவீரரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லே தமிழர் நாவில் இவ்வாறு வழங்குகிறது. மறைந்த வீரருக்கு நினைவுச்சின்னம் எழுப்பிய சமூகம், உயிரோடு திரும்பிய வீரரின் எதிர்காலத்தையும் எண்ணுதல் வேண்டும்.

இளமையில் ஓய்வு

பள்ளிப்படிப்பு முடிந்ததும் படையில் சேர்வோர் பலர் நாற்பது வயதையொட்டி ஓய்வு பெறுகின்றனர். 2022இல் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டத்தில் பணிக்காலம் நான்கே ஆண்டுகள். அவ்வீரருள் நான்கில் ஒரு பங்கினர் வரையே படையில் தொடர்வர்; ஏனையோர் இருபதுகளிலேயே ஊர் திரும்புவர். பட்டம் கேட்கும் பணிகளுக்கு அவர்களின் பள்ளிச் சான்றிதழ் மட்டும் போதாது. கற்க முன்வருவோருக்கும் இடர்கள் பல. தம்மினும் இளையவரோடு அமர்ந்து பயிலும் தயக்கம், பழக்கம் விட்டுப்போன பாடங்கள், குடும்பப் பொறுப்பு, சிலருக்குப் போர் தந்த உடற்காயமும் மனக்காயமும் எனத் தடைகள் தொடர்கின்றன.

கற்றதற்கு மதிப்பு

இரண்டாம் உலகப்போரின்போது, 1944இல், அமெரிக்கா படைவீரர் மறுவாழ்வுச் சட்டத்தை இயற்றியது. கல்விக் கட்டணத்தோடு வாழ்க்கைச் செலவுக்கான தொகையையும் அரசே வழங்கியது. 1947இல் அந்நாட்டுக் கல்லூரி மாணவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் முன்னாள் படைவீரராக இருந்தனர்.

இந்தியாவில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அக்னிவீரர்களுக்கெனப் பட்டப்படிப்பு ஒன்றை வகுத்துள்ளது. பட்டத்திற்குரிய மதிப்பலகுகளுள் பாதி, படையில் பெற்ற திறன்பயிற்சிக்கே வழங்கப்படுகிறது. வாகனம் பழுதுபார்த்தல், செய்தித்தொடர்பு, முதலுதவி போன்றவற்றைக் களத்தில் கற்றவர் ஒன்றும் அறியாதவராகக் கல்லூரிக்கு வருவதில்லை. அவர் அறிந்ததை அறிவென ஏற்பதே இத்தகைய ஏற்பாட்டின் உயிர்நாடி.

1985இல் நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகம் தொலைநிலைக் கல்வியையும் வழங்கி வருகிறது. பணியும் குடும்பமும் உடையோர் வீட்டிலிருந்தே பயில இம்முறை துணைபுரியும். ஆயினும் திட்டங்கள் மட்டும் போதா. வகுப்பில் அருகே வந்தமரும் மூத்த மாணவரை வேற்றாளாக நோக்காமல் தோழராக ஏற்பது உடன்பயில்வோரின் கடமை. எல்லையில் நமக்காக விழித்திருந்தவர் ஏட்டின்முன் தனித்திருத்தல் தகாது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியில் வாழும் முன்னாள் படைவீரர் ஒருவரைச் சந்தித்து, அவர் படையில் கற்ற திறன்களைப் பட்டியலிடுக.
2. 'அனுபவமும் கல்வியே' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.