நாய் அரளியைத் தின்றுவிட்டால் என்ன செய்வது?



மனிதருக்கு வரும் நோயைப் பற்றி எழுதும் இப்பகுதியில் இம்முறை நாயைப் பற்றி எழுதுகிறோம். "நாய்க்குமா சுகாதாரப் பாடம்?" என்று சிரிக்க வேண்டாம். புருஷனும் மனைவியும் விடியுமுன் வேலைக்குப் போய்விட்டால் வீட்டுக்குக் காவல் அதுதான். இன்று அதன் வாயில் பட்ட விஷம் நாளை நம் பிள்ளையின் வாயிலும் படலாம்.

ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் கோயில் ஓரமாக அரளிச் செடியைப் பார்க்கலாம். தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபோனவர்களும் சாமிக்குப் பூ வேண்டுமென்று வாசலில் ஒரு கொப்பு நட்டு வைக்கிறார்கள். அதன் இலை, பூ, பட்டை, வேர், விதை எல்லாமே விஷம். காய்ந்து சருகானாலும் விஷம் போகாது. மஞ்சள் அரளியும் அப்படியே.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. கேரளாவில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு 2024 மே மாதத்தில், நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைச் சேர்க்கக் கூடாதென்று நிறுத்தியது. அரளியை மென்றதாகச் சொல்லப்பட்ட ஓர் இளம்பெண்ணின் மரணமும், பத்தனம்திட்டா மாவட்டத்தில் அரளி இலை தின்ற ஒரு பசுவும் கன்றும் செத்த செய்தியும் அதற்கு முன் வந்திருந்தன.

அரளி விஷம் இருதயத்தைத் தாக்கும். தின்ற சில மணி நேரத்துக்குள் நாய்க்கு எச்சில் ஒழுகும், வாந்தி வரும், வயிறு போகும். பிறகு துவண்டு படுக்கும். நாடி மெதுவாகவோ, விட்டு விட்டோ அடிக்கும். "வாந்தி எடுத்துட்டுது, இனிமே சரியாயிடும்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் நாய் செத்துப்போகிறது. வாந்தி நின்ற பிறகும் இருதயம் தடுமாறலாம்.

செய்ய வேண்டியவை:

1. வாயில் மிச்சமிருக்கும் இலையை எடுத்துப் போடுங்கள். நாய் பயத்தில் கடிக்கும். ஒரு துணியைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

2. எந்தச் செடி, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். செடியில் ஒரு கொப்பை ஒடித்து பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயர் தெரியாவிட்டாலும் டாக்டர் அதைப் பார்த்தால் போதும்.

3. மிருக டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு உடனே கிளம்புங்கள். தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போகும் நேரமே பெரிய நேரம். நாயை நடக்க விடாதீர்கள். சாக்கில் படுக்க வைத்துத் தூக்குங்கள். வாந்தி எடுக்கும் நாயின் வாயைக் கட்டாதீர்கள்.

செய்யக் கூடாதவை:

உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள். அதிக உப்பு நாய்க்குத் தனி விஷம். எண்ணெய், பால், பச்சை முட்டை, இளநீர் எதையும் வாயைப் பிளந்து ஊற்ற வேண்டாம். தொண்டை வழியாகப் போக வேண்டியது நுரையீரலுக்குள் போய்விடும். வாந்தி எடுக்க வைப்பதா, கரி மருந்து கொடுப்பதா என்பது டாக்டரின் வேலை. கைவைத்தியத்தில் போகும் அரை மணி நேரம் திரும்பி வராது.

மற்றச் செடிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆமணக்கு விதையை மென்றால் நாய் அன்றைக்கு நன்றாக இருந்து, மறுநாள்கூட விழலாம். பனங்கன்று போலிருக்கும் சைக்காஸ் செடியின் கொட்டை ஈரலைக் கெடுக்கும். கெளாடி வகை இலைகள் வாயை எரிக்கும். ஈரத்துணியால் வாயைத் துடைத்துவிட்டு டாக்டரைக் கேளுங்கள்.

இன்னொன்று: நாய் வாந்தி எடுத்தால் செடிதான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பக்கத்தில் மருந்து அடித்தார்களா, செம்பனைக் காட்டில் எலி மருந்து வைத்தார்களா என்று விசாரியுங்கள். பாராகுவாட் களைக்கொல்லி நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் பழைய போத்தல் எங்காவது கிடந்தால் அதைத் தொடாமல் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். எலி மருந்துகளில் பல, தின்ற சில நாள் கழித்தே இரத்தப் போக்கை உண்டாக்கும். மருந்தின் டப்பாவையும் டாக்டரிடம் கொண்டு போங்கள்.

அரளியை வெட்டி எறியச் சொல்லவில்லை. வேலிக்கு அப்பால் நடுங்கள். நாயை அதன் நிழலில் கட்டாதீர்கள். கத்தரித்த கொப்புகளை வீட்டுப் பின்புறம் வீச வேண்டாம், எரிக்கவும் வேண்டாம், புகையும் கெடுதல். பூ ஊறிய தண்ணீரை உடனே கொட்டுங்கள்.

பிள்ளை எதையாவது தின்றுவிட்டால் ஒரு நிமிஷமும் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கொப்பைக் கையோடு எடுத்துப் போவதும், வாயில் எதையும் ஊற்றாமலிருப்பதும் அங்கேயும் அதே பாடம்தான். இன்று மாலையே வாசலைச் சுற்றிப் பாருங்கள். பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் என்ன செடி நிற்கிறதென்று வீட்டில் எல்லோருக்கும் காட்டிக் கொடுங்கள். மிருக டாக்டரின் போன் நம்பரையும் ஆஸ்பத்திரியின் நம்பரையும் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டி வையுங்கள்.